ஜெனீவாவா, வரிச்சலுகையா?

2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019இல், போதிய சாட்சியமில்லை என்று 13 சந்தேகநபர்களும் விடுவிக்கப்பட்டார்கள். இப்படியான வழக்குகளில் நீதி கேட்டு இலங்கை அரசை நெருக்க வெளிநாடுகளுக்கு இரண்டு பிடிகள் உண்டு. எது மேல்?

ஒன்று, ஜெனீவாத் தீர்மானம், அதாவது அங்குள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி நிறைவேற்றும் தீர்மானம். 2015இல் இணை அனுசரணை வழங்கிய இலங்கை 2020இல் விலகியது, கேட்பார் இல்லை. ஆனால் 2021 தீர்மானம் சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்க வழி செய்தது. சாட்சிகள் பயந்து ஒதுங்கும் ஊரில் அது சின்ன விஷயமில்லை. என் ஓட்டு இதற்கே.

மற்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ், அதாவது மனித உரிமை உடன்படிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்றுமதிகளுக்குக் கிடைக்கும் வரிச்சலுகை. 2010இல் நிறுத்தினார்கள், 2017இல் திருப்பிக் கொடுத்தார்கள். கொழும்புக்கு உடனே உறைப்பது இதுதான். சரி, அடி யாருக்கு விழும்? ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் பெண்பிள்ளைகளுக்கும்தான். அப்புறம், சலுகை திரும்பி வந்தபோதும், ஆட்களை விசாரணையில்லாமல் நெடுநாள் அடைத்துவைக்க விடும் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது.