மேற்கு ஜன்னலுக்கு எது: தைத்த திரையா, மூங்கில் தட்டியா?

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மேற்குப் பார்த்த ஜன்னல்தான் வீட்டின் அடுப்பு. வெப்பத்தைத் தடுப்பதில் மட்டும் பார்த்தால், வெளியே தொங்கும் மூங்கில் தட்டிக்கே என் ஓட்டு. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே அது மறித்துவிடும். உள்ளே போடும் திரை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், கண்ணாடி தாண்டி வந்த சூட்டில் ஒரு பங்கு அறைக்குள் தங்கத்தான் செய்யும்.

ஆனால் ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் தட்டி இடிக்கும். கோடை மழைக் காற்று வேறு அதைப் பிய்த்தெறியும். வாடகை வீடென்றால் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா?

அங்கேதான் தைத்த திரை கைகொடுக்கும். கண்ணாடிப் பக்கம் பழைய வெள்ளை வேட்டி, நடுவில் கிழிந்த கம்பளி, அறைப் பக்கம் பருத்திச் சேலை. மூன்றையும் சேர்த்து அரைச் சாண் இடைவெளியில் தையல் ஓட்டினால் போதும். வெயிலைத் திருப்பி அனுப்புவது அந்த வெள்ளைதான், அதனால் பக்கம் மாற்றி மாட்டாதீர்கள். சுற்றிலும் நான்கு விரல் கூடுதலாக விட்டு, ஓரங்களை வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். இடுக்கு இருந்தால் சூடான காற்று நழுவி வந்துவிடும். சாயங்காலம் கழற்றி ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் புழுங்கும்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், திரைதான். டிசம்பர் இரவுக் குளிருக்கும் அது உதவும், தட்டி உதவாது.