ஏர்போர்ட்டில் சாப்பிட்ட ‘செட்டிநாடு சிக்கன்’

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். போகும்போது விமான நிலையத்துக்குள் ஒரு கடையில் சாப்பிட்டதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கடை, எந்த ஊர் ஏர்போர்ட் என்று சொல்லப்போவதில்லை. காரைக்குடியிலிருந்து திருச்சியும் மதுரையும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், 90 கிலோமீட்டர் சொச்சம், ஊகிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்கிறார்கள். அதனால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செக்கிங் எல்லாம் முடிந்து உள்ளே உட்காரும்போது நல்ல பசி. பையில் கட்டுச்சோறு இருந்தது, அதைப் பிரித்திருக்கலாம். ஆனால் எதிரில் போர்டில் கொட்டை எழுத்தில் ‘செட்டிநாடு சிக்கன், பரோட்டா’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சபலம். 420 ரூபாய். ஆத்தா வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

வந்தது ஒரு கேசரிக் கலர் குழம்பு. முந்திரி அரைத்துவிட்டு லேசாக இனிப்பு வேறு, மேலே குடைமிளகாய்த் துண்டு மிதக்கிறது. ஆத்தா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது யாரு வீட்டுச் செட்டிநாடுடி?” என்று கேட்டார்கள், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். பரோட்டாவை மைக்ரோவேவில் சூடு பண்ணியிருப்பார்கள் போல, முதல் இரண்டு வாய் பஞ்சு, அப்புறம் தோல்.

எனக்கு ஆத்திரம் விலையில்கூட இல்லை. உள்ளே கடை போடுகிறவர் வாடகை கட்ட வேண்டும், விற்பனையில் பங்கு கொடுக்க வேண்டும், அது நம் தலையில்தான் விடியும், சரி. ஆனால் ஒரு சிட்டிகை கல்பாசிக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? மிளகும் சோம்பும் வறுத்து அரைத்து, கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ தாளித்து, சின்ன வெங்காயம் நல்லெண்ணெயில் வதங்கும்போது ஒரு வாசம் தெருமுனை வரைக்கும் போகுமே, அதில் கால்வாசிகூட இல்லை. காரமும் சிவப்பும் இருந்தால் செட்டிநாடு என்று யாரோ முடிவு பண்ணிவிட்டார்கள். எங்கள் வீடுகளில் பாதி நாள் சாப்பாடு காரமே கிடையாது, வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், கத்தரிக்காய் கோசமல்லி, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்களால் வீட்டுக்குள் வந்த ரங்கூன் புட்டு என்று ஒரு வரிசையே உண்டு. இந்தப் பக்கத்து ஏர்போர்ட்டில் காலையில் நாலு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வைத்துப் பாருங்கள், மலேசியா விமானத்துக்கு நிற்கிற கூட்டம் மொத்தமும் அந்தக் கடையில்தான் நிற்கும்.

நியாயமாகச் சொன்னால் இடம் சுத்தம். மேஜை துடைத்த பையன், ஆத்தாவுக்கு மாத்திரை போட வெந்நீர் கேட்டதும் காசு வாங்காமல் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கு மட்டும் முழு மார்க்.

டீ குடிக்கவில்லை. ஏர்போர்ட் டீ என்றாலே எனக்கு நம்ம கானாடுகாத்தான்காரர் ப.சிதம்பரம் ஞாபகம் வந்துவிடும். 2018ல் சென்னை விமான நிலையத்தில் டீ கேட்டாராம், வெந்நீரும் டீ பையும் தருகிறோம், 135 ரூபாய் என்றார்களாம், அதிர்ந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். 2024ல் கொல்கத்தாவில் அதே வெந்நீரும் பையும் 340 ரூபாய் என்று மறுபடியும் எழுதினார். நாட்டுக்கே பட்ஜெட் போட்டவருக்கு அந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம். அதற்கப்புறம் கொஞ்சம் விடிவு வந்திருக்கிறது. உடான் யாத்ரி கஃபே என்று மலிவு விலைக் கடையை 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்திலும் திறந்தார்கள், திறந்தபோது வைத்த விலை டீ 10, தண்ணீர் பாட்டில் 10, காப்பி, சமோசா, வடை எல்லாம் 20. சென்னை வழியாகப் போகிறவர்கள் தேடிப்போய்க் குடியுங்கள். செக்கிங்குக்கு முன்னாலேயே இருக்கிறது, உள்ளே போய்விட்டுத் தேடினால் கிடைக்காது.

சரி, கட்டுச்சோற்றுக்கு வருகிறேன். சிக்கனைப் பாதியில் வைத்துவிட்டு அதைத்தான் பிரித்தோம். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாழையிலையில் மடித்த இட்லி, புளிச்சோறு, ஓலைக்கொட்டானில் கைமுறுக்கும் சீப்புச்சீடையும். எதையும் யாரும் தடுக்கவில்லை. தண்ணி மாதிரி, கூழ் மாதிரி இருப்பதில்தான் வம்பு, கைப்பையில் ஒரு டப்பாவில் 100 மில்லிக்கு மேல் கூடாது, நெய்க்கும் அதே கணக்குத்தான். ஊறுகாயைப் பேசாமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். ஆனால் கொப்பரையைப் பெட்டியில் போடாதீர்கள், எண்ணெய்ப்பசை இருப்பதால் தீப்பிடிக்கிற சாமானில் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீருக்கு ஒரு சில்வர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய், செக்கிங் தாண்டிக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். நான் இது தெரியாமல் ஒரு பாட்டில் 70 ரூபாய்க்கு வாங்கினேன்.

இன்னொன்று, இது முக்கியம். சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது, அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தடைசெய்த சாமான் அது. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் கசகசா கசகசாதான். ஆத்தா தம்பிக்கென்று திரித்து வைத்திருந்த இரண்டு கிலோ மசாலாவைக் கிளம்புவதற்கு முந்தின நாள் நிறுத்திவிட்டு, கசகசா இல்லாமல் மறுபடி திரித்தோம். உப்புக்கண்டமும் வேண்டாம், நம்ம ஊரிலிருந்து கறி எதையும் உள்ளே விடமாட்டார்கள். அப்புறம் சில மலிவு விலை விமானங்களில் நாம் கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடவும் விடுவதில்லை, ஏறுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது.

திரும்பும்போது சாங்கி விமான நிலையம். அங்கே கடைகளில் ஊருக்குள் விற்கிற விலையை ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களுக்கான கேன்டீனில் வெளியாட்களும் போய்ச் சாப்பிடலாம். நான் யா குன் கடையில் காயா தடவிய ரொட்டியும், அரைவேக்காட்டு முட்டையும், கோப்பி ஓவும் வாங்கினேன். காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுவது. கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டது, சர்க்கரையும் வேண்டாம் என்றால் கோப்பி ஓ கோசோங். ஆத்தா முட்டையைத் தொடவில்லை, ரொட்டியை ருசி பார்த்துவிட்டு “தேங்காய்ப்பால் பதம் நல்லாருக்கு” என்றார்கள். அவர்களிடம் இந்த அளவுக்குப் பேர் வாங்குவது சாதாரணம் இல்லை.

ஆக அந்தச் சிக்கன் தட்டுக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் வெந்நீர் கொடுத்த பையனுக்காக. அடுத்து தை மாதம் மறுபடி போகிறோம். கந்தரப்பம் எத்தனை நாள் தாங்கும், எண்ணெய் வடிய எதில் வைத்துக் கட்டுவது என்று ஆத்தா இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.