வெயிலில் கோல்ஃப் ஆடுவோருக்குப் பந்தும் தொப்பியும்: ஒரு மதிப்புரை

கோல்ஃப் ஆட்டத்தில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் டிரைவர் என்னும் நெடுந்தொலைவு மட்டைக்கும் அயன் எனப்படும் இரும்பு மட்டைகளின் செட்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பந்துக்கும் தொப்பிக்கும் கடைசி நிமிடத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பதினெட்டுக் குழிகளிலும் ஒவ்வோர் அடிக்கும் பயன்படுவது பந்துதான்; ஆட்டம் தொடங்கும் முதல் டீயிலிருந்து, பந்தைக் குழிக்குள் உருட்டும் கடைசிப் புட் வரை நம்மோடு கூடவே வருவது தொப்பிதான். சென்னை நந்தனத்தின் காஸ்மோ மைதானத்திலும், கோவை செட்டிப்பாளையத்திலும், விடுமுறையில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஆடுகிற, தொண்ணூறுக்கும் நூற்றுப்பத்துக்கும் இடைப்பட்ட அடிகளில் கணக்கு முடிக்கிற (அடிகள் குறையக் குறைய ஆட்டம் சிறந்தது) வார இறுதி ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்தில் சிக்கனம் பார்க்கலாம், தொப்பியில் பார்க்கவே கூடாது.

விதிப்படி ஒரு கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பந்து கிளம்பும் வேகத்துக்கும் அது செல்லும் மொத்தத் தொலைவுக்கும்கூட வரம்பு உண்டு. ஆகவே பெட்டியின் மேல் 'அதிகத் தொலைவு' என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட இரண்டு பந்துகளுக்கு இடையே டிரைவரில் தெரியும் வேறுபாடு, நம்மைப் போன்றோர் மட்டையின் நடுவில் அடிப்பதற்கும் ஓரத்தில் அடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைவிட மிகச் சிறியது. மேற்பரப்பில் உள்ள குழிவுகள் பெரும்பாலான பந்துகளில் முந்நூறு முதல் நானூறுக்குள் இருப்பது வழக்கம். டைட்லிஸ்ட் ப்ரோ வி1 பந்தில் 388 உள்ளன. பந்தை ஒட்டி ஓடும் காற்றை இந்தக் குழிவுகள் கலைத்துவிடுவதால் பின்புறம் உண்டாகும் இழுவிசை குறைகிறது. குழிவே இல்லாத வழுவழுப்பான பந்து ஏறத்தாழப் பாதித் தொலைவில் விழுந்துவிடும். எனினும் எண்ணிக்கையில் சில குழிவுகள் கூடுவதையோ குறைவதையோ பார்த்துப் பந்தைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. பந்தின் மீது அச்சிட்டிருக்கும் 1, 2, 3, 4 என்னும் எண்களைப் பார்த்து அது கடினத்தின் அளவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட ஆடுபவரின் பந்திலிருந்து நம்முடையதைப் பிரித்தறிவதற்காகவே அந்த எண்கள் இருக்கின்றன.

உண்மையான வேறுபாடு மேலுறையில் இருக்கிறது. விலை குறைந்த பந்துகளுக்கு அயனோமர் என்னும் உறுதியான பிளாஸ்டிக் மேலுறை போடுகிறார்கள். சர்லின் என்னும் பெயரில் பலருக்கும் இது அறிமுகமாகியிருக்கும். கேலவே சூப்பர்சாஃப்ட், ஸ்ரிக்ஸன் சாஃப்ட் ஃபீல், டைட்லிஸ்ட் ட்ரூஃபீல் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்த இரண்டு அடுக்குப் பந்துகள். விலை கூடிய பந்துகளுக்கு யூரித்தேன் மேலுறை வருகிறது. வெட்ஜ் என்னும் குறுந்தொலைவு மட்டையின் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களுக்கும் உள்ளேயிருக்கும் கடினமான அடுக்குக்கும் நடுவே இந்த மெல்லிய உறை நசுங்குவதால் பந்து கூடுதலாகப் பின்சுழற்சி பெறுகிறது. ப்ரோ வி1 மூன்று அடுக்குகளும், ப்ரோ வி1எக்ஸ் நான்கு அடுக்குகளும் கொண்டவை; பின்னது சற்றுக் கெட்டியானது, உயரமாகவும் போகும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையால் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு டஜன் பெட்டியில் மூன்று மூன்று பந்துகளாக நான்கு சிறு உறைகள் இருக்கும். பல கடைகளில் ஓர் உறையைத் தனியாகவும் தருவார்கள். இரண்டு வகையில் ஒவ்வோர் உறை வாங்கிக்கொண்டு, சிப் எனப்படும் குறுகிய அடியைப் பழகும் க்ரீனின் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரையின்) ஓரத்திலிருந்து முப்பது கஜம் தள்ளி நின்று, ஒரே வெட்ஜால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பாருங்கள். யூரித்தேன் பந்து தாழ்வாகக் கிளம்பி, முதல் துள்ளலில் முன்னே பாய்ந்து, இரண்டாவது துள்ளலில் பிடித்து இழுத்ததுபோல் தயங்கி நிற்கும். அயனோமர் பந்து சற்று உயரமாகக் கிளம்பும். ஆனால் விழுந்த பிறகு உருண்டுகொண்டே போய்க் கொடியைத் தாண்டி நிற்கும். அந்த உருளலை முன்கூட்டியே கணக்கிட்டு, பந்தை இன்னும் அருகில் விழவைக்கப் பழகிக்கொள்பவருக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. நம் ஊரின் கோடைக்கால க்ரீன்கள் காய்ந்து கெட்டியாகிவிடும் நாட்களில் மட்டும் யூரித்தேனின் பிடிமானம் இரண்டொரு அடிகளை மிச்சப்படுத்தும். சோதனையைப் புட்டில் தொடங்கி, சிப், அதைவிட நீண்டு உயரப் போகும் பிட்ச் என்று பின்னோக்கி வந்து, டிரைவரைக் கடைசியில் வைத்துக்கொள்வதே சரியான வரிசை. கடைகளில் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லி, திரையில் தெரியும் டிரைவர் தொலைவைக் காட்டியே விற்றுவிடுகிறார்கள்.

மென்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மெதுவாக வீசுபவருக்கு மென்மையான பந்துதான் அதிகத் தூரம் போகும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான அடிப்படை இல்லை. மென்மை என்பது கைக்குத் தெரியும் உணர்வும் காதுக்குக் கேட்கும் ஒலியும் சார்ந்தது. சூப்பர்சாஃப்ட் பந்து புட்டரில் மங்கலான 'தொப்' என்னும் ஒலியையும், ப்ரோ வி1எக்ஸ் தெளிவான 'டிக்' என்னும் ஒலியையும் தரும். க்ரீனில் எந்த ஒலி உங்களுக்குத் தொலைவைச் சரியாக உணர்த்துகிறதோ அதையே தேர்ந்தெடுக்கலாம். பந்து பக்கவாட்டில் வளைந்து விலகும்படி, அதாவது ஸ்லைஸ் அடிப்பவருக்கு, சுழற்சி குறைந்த இரண்டு அடுக்குப் பந்தால் வளைவு ஓரளவு குறையும். ஆனால் எந்தப் பந்தும் ஸ்லைஸைத் திருத்திவிடாது.

அமெரிக்காவில் ப்ரோ வி1 ஒரு டஜன் சுமார் 55 டாலர். சூப்பர்சாஃப்ட் அதில் பாதிக்கும் குறைவு. நம் நாட்டுக் கடைகளில் இறக்குமதிச் செலவும் சேர்ந்து இரண்டின் விலையும் ஏறினாலும் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு பந்துகளைத் தொலைப்பவர் விலை உயர்ந்த பந்தை வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு மேல் அடிக்க வேண்டிய இடத்தில் பையிலிருந்து பழைய பந்தைத் தேடி எடுப்பதைப் பார்க்கிறோம். அந்தத் தயக்கமே அடியைக் கெடுக்கிறது. தொலைந்தாலும் மனம் பதறாத விலையில் ஒரு பந்தைத் தேர்ந்து, பதினெட்டுக் குழிகளுக்கும் அதே வகையை வைத்து ஆடுவதுதான் ஆட்டத்தைச் சீராக்கும். நூற்றுக்கு மேல் ஆடுபவருக்கு ஸ்ரிக்ஸன் சாஃப்ட் ஃபீலை என் முதல் தேர்வாகச் சொல்வேன். மேலுறை எளிதில் கீறுவதில்லை, க்ரீனில் அதன் உணர்வும் நன்றாக இருக்கிறது. டெகத்லானின் இனெசிஸ் பந்துகள் தொடக்கநிலையினருக்குப் போதுமானவை. தொண்ணூறை எட்டிவிட்டு, சிப்பில் கட்டுப்பாடு வேண்டும் என்று விரும்புபவர் நடுத்தர விலையில் மூன்று அடுக்கும் யூரித்தேன் மேலுறையும் கொண்ட ஸ்ரிக்ஸன் க்யூ-ஸ்டார் டூர் பந்துக்கு மாறலாம். அங்கிருந்து ப்ரோ வி1 வரை போவதற்கு, ஓர் ஆட்டத்தை ஒரே பந்தில் முடிக்கும் பழக்கம் வந்த பிறகு யோசிப்பதே நல்லது.

நிறத்துக்கும் இங்கே இடம் உண்டு. 2019 முதல் தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. அதற்கு முன் ஐந்து. வோல்விக் விவிட் போன்ற பளபளப்பில்லாத பூச்சுள்ள வண்ணப் பந்துகள் வயதானவர்களின் கண்ணுக்கு வெள்ளையைவிட எளிதில் பிடிபடுகின்றன. ஆனால் இடம் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சருகுகள் உதிர்ந்து கிடக்கும் மரத்தடிகளில் ஆரஞ்சும் சிவப்பும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஊட்டி மைதானத்தில் ஃபேர்வே என்னும் சீரான புல்வழிகளை ஒட்டி அடர்ந்திருக்கும் முட்புதரான கார்ஸ் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கும் காலத்தில் மஞ்சள் பந்தைக் கொண்டுபோவதில் பொருளில்லை. அங்கே இளஞ்சிவப்பு நிறம் நன்றாகத் தெரியும். ஊட்டியைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து சமவெளியைவிட 8 விழுக்காடு அளவு கூடுதலாகப் போகும். அதைப் புதுப் பந்தின் சிறப்பு என்று எண்ணி ஊர் திரும்பியதும் ஒரு பெட்டி வாங்கிவிட வேண்டாம்.

மைதானத்தில் கண்டெடுத்து விற்கும் பந்துகளை, மேலே புதிய பூச்சு அடிக்காதவையாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பூச்சு அடித்தவற்றில் குழிவுகளின் ஆழம் மாறியிருக்கும். தண்ணீரில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதும் தெரியாது. புதிய பந்தையும் சென்னை வெயிலில் காரின் டிக்கியில் மாதக்கணக்கில் போட்டுவைக்கக்கூடாது.

இனித் தொப்பிக்கு வருகிறேன். இதைப் பற்றி நம்மிடையே போதிய அக்கறை இல்லை என்பதே என் வருத்தம். காலை ஏழு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்குபவர் நான்கு மணிநேரத்துக்கு மேல் நடந்து பதினோரு மணியைத் தாண்டித்தான் முடிக்கிறார். அதாவது, பின் ஒன்பது குழிகளின் பெரும்பகுதி புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும் நேரத்தில் கழிகிறது. சென்னையில் மார்ச் முதல் மே வரை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே உச்சநிலை. மலைக்குப் போனால் குளிர்கிறதே என்று தொப்பியைக் கழற்றுபவர்கள், ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் பத்து விழுக்காடு அளவில் கூடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலிய கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நால்வரில் ஒருவருக்குத் தோல் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. நம் நிறத்தில் உள்ள மெலனின் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் கன்னத்தில் படரும் மங்கு, கண்புரை, வெப்ப மயக்கம் ஆகியவற்றிலிருந்து அது நம்மைக் காப்பதில்லை.

மைதானத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் அணிவது முன்புறம் மட்டும் நீண்ட சாதாரணக் கேப். அது நெற்றியையும் கண்ணையும் மறைக்கிறது. காதுகளையும் பிடரியையும் திறந்தே விடுகிறது. பந்தை அடிக்க நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்: இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, பந்தைப் பார்த்து நிற்கும்போது பிடரி நேராக வானத்தை நோக்குகிறது. ஒவ்வோர் அடிக்கும், ஒவ்வொரு புட்டுக்கும் இப்படி நிற்கிறோம். சட்டைக் காலருக்கு மேலே பிடரி மட்டும் கறுத்திருப்பது கோல்ஃப் ஆடுபவரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஆஸ்திரேலியப் புற்றுநோய்க் கவுன்சில் பெரியவர்களுக்குச் சுற்றிலும் 7.5 செ.மீ. அகலமுள்ள விளிம்பையும், பக்கெட் தொப்பியானால் ஆழமான தலைப்பகுதியோடு 6 செ.மீ. சரிந்த விளிம்பையும் பரிந்துரைக்கிறது. துணியின் காப்பைக் காட்டுவது யு.பி.எஃப். எண்: 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு கதிர் மட்டுமே உள்ளே வரும், 15 என்றால் ஏறத்தாழ 7 விழுக்காடு வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியின் காப்பு இதைவிடவும் குறைவு. வியர்வையில் நனைந்தால் இன்னும் இறங்கும். சீட்டில் எண் இல்லாத தொப்பியானால், அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்னலின் வழியே புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் வெயிலும் அதே வழியில் இறங்கும். பார்வைக்கு அழகான ஓலைத் தொப்பிகளில் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை. விளிம்பின் அடிப்புறம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருப்பது நல்லது. வெள்ளையாக இருந்தால் புல்லிலிருந்தும் மணலிலிருந்தும் மேலெழும் ஒளி கண்ணில் திரும்ப அடிக்கும்.

கடையிலேயே தொப்பியை அணிந்துகொண்டு, கையில் மட்டை இருப்பதாக எண்ணிக் குனிந்து நின்று பார்க்க வேண்டும். விளிம்பு தொய்ந்து பந்தின் மேல் பார்வையை மறைத்தால் அந்தத் தொப்பி கடற்கரைக்குத்தான் ஆகும். தோளை முழுவதும் திருப்பிப் பாருங்கள். பின்விளிம்பு காலரில் இடித்துத் தொப்பியை முன்னே தள்ளினால் ஒவ்வொரு வீச்சிலும் அதுவே நடக்கும். விளிம்பின் ஓரத்தில் மடித்துத் தைத்த தையல் வரிசைகள் நெருக்கமாக இருப்பவை விறைப்பாக நிற்கின்றன. காற்று வீசும் மைதானங்களுக்குத் தாடைக் கயிறும் வேண்டும்.

வகைகளில், கனடாவின் டில்லி நிறுவனத் தொப்பிகள் தையலில் மிக உயர்ந்தவை. ஆனால் கெட்டிப் பருத்தியில் வரும் அவர்களின் பழைய வடிவம் சென்னைப் புழுக்கத்துக்குக் கனமாக இருக்கிறது. தலைப்பகுதியில் வலைத்துணி வைத்த நைலான் வகைகளே நமக்கு ஏற்றவை. வலை உச்சந்தலைக்கு மேலே இராமல் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், குறிப்பாக முடி குறைந்தவர்கள். மலையேற்றத்துக்காக விற்கப்படும், கழுத்தை மூடும் துணி இணைத்த தொப்பிகள் கோல்ஃப் நிறுவனங்களின் சின்னம் பொறித்தவற்றைவிடக் குறைந்த விலையில் கூடுதல் காப்பைத் தருகின்றன. கிளப்பில் சிலர் வேடிக்கையாகப் பார்த்தாலும், நான் அணிவதும் பிறருக்குப் பரிந்துரைப்பதும் அதைத்தான். கோல்ஃப் கடைகளில் கிடைக்கும் பக்கெட் தொப்பிகளில் பல, விளிம்பு 5 செ.மீ.கூட வராதவை, ஓர் அளவுகோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எவ்வளவு நல்ல விளிம்பானாலும் கீழிருந்து எதிரொளிக்கும் கதிரை அதனால் தடுக்க முடியாது. உலர்ந்த மணல் 15 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும் என்பதால் மூக்கு, தாடை, காதுமடல் ஆகியவற்றுக்குச் சன்ஸ்கிரீன் தேவை. ஒன்பதாவது குழி முடிந்ததும் மறுபடி பூசிக்கொள்ள வேண்டும். உங்கள் பையைச் சுமந்து அதே வெயிலில் அதே நான்கு மணிநேரம் நடக்கும் கேடிக்கும் இதே தொப்பியில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஒரு டஜன் நல்ல பந்தின் விலைகூட ஆகாது. தொப்பியை வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிவதற்கு முன் குளிர்ந்த நீரில் கையால் அலசி, ஒரு பாத்திரத்தின் மேல் கவிழ்த்து நிழலில் உலர்த்தினால் விளிம்பின் விறைப்பு கெடாது. துணி தளர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பின்னல் தெரியத் தொடங்கும்போது அதை மாற்றிவிட வேண்டும்.