25.7 கிலோ என்றால் சரியாக வரும்: பைட்ஓர்டர் மேன் பக்கத்தோடு ஒன்பது வருடம்

போன கிழமை இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மின்னல் விழுந்து, கொழுந்து மடுவத்து (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) தராசின் நெட்வொர்க் போர்டு எரிந்துவிட்டது. புது போர்டு போட்டோம், எடையை வாங்கும் ப்ரோக்ராமை என்னோடு வேலை செய்யும் தம்பி புதிதாக எழுதினான். வெறும் தராசில் 0 காட்டியது, சரி என்று இறங்கி வந்துவிட்டோம். அந்தி நிறுவையில் முதல் அக்காவின் 11.3 கிலோ, திரையில் 2892.8 என்று விழுந்தது. நாங்கள் திரும்ப ஏறிப் போனபோது அந்த அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, எனக்குப் பேர் சரியா விழுமா?" பேர் என்றால் அன்றைய கொழுந்து எடையை வைத்துப் பதியும் நாள் சம்பளக் கணக்கு.

திருத்தம் ஒரே வரி. தராசு எடையை நூறு கிராம் கணக்கில், இரண்டு பைட்டாக (ஒரு பைட் என்பது 8 பிட், 0 முதல் 255 வரை பிடிக்கும்), பெரிய இடமதிப்புள்ள பைட்டை முன்னால் வைத்து அனுப்புகிறது. 11.3 கிலோ என்றால் 113, அதாவது 0, 113 என்று வரும். எங்கள் போர்டு சின்ன இடமதிப்புள்ளதை முன்னால் வைத்துப் படிக்கிற ரகம், அதனால் 113ஐ 256ஆல் பெருக்கி 28928 என்று எடுத்துக்கொண்டது. நெட்வொர்க் வரிசையில் வந்த 16 பிட் எண்ணை இயந்திரத்தின் வரிசைக்கு மாற்றும் என்டிஓஹெச்எஸ் என்ற ஃபங்ஷனைப் போட்டதும் சரியாகிவிட்டது. வரும் வழியில் தம்பி கேட்டான்: "அண்ணா, இதை எங்க படிக்கிறது?" நான் இத்தனை வருடமும் பாவித்தது லினக்ஸோடு வரும் பைட்ஓர்டர் மேன் பக்கம், அதாவது பைட் வரிசையை மாற்றும் ஃபங்ஷன்களுக்குக் கணினிக்குள்ளேயே இருக்கும் கையேடு. அதைப் படி என்று உடனே சொல்ல வாய் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். மழை பிடித்தால் அந்த மலையில் சிக்னல் இல்லை. மூடுபனிக்குள், கொழுந்துச் சாக்குக்குப் பக்கத்தில் லெப்டொப்பைத் திறந்து மேன் பைட்ஓர்டர் என்று அடித்தால் பக்கம் வந்து நிற்கும், இன்டர்நெட் வேண்டாம். நான்கு ஃபங்ஷன், எந்த ஹெடர், 16 பிட்டா 32 பிட்டா, எல்லாம் ஒரே திரையில். பொய் ஒன்றும் இல்லை. பிஎஸ்டி என்ற பழைய யுனிக்ஸ் ரகத்தின் இதே பக்கத்தில் குறைகள் என்ற தலைப்பின் கீழ், வாக்ஸ் என்ற அந்தக் காலத்துக் கணினி பைட்டுகளை உலகத்தில் அநேகமாக மற்ற எல்லாருக்கும் நேரெதிராகக் கையாள்கிறது, இது அண்மையில் திருத்தப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். தன் குறையை ஒளிக்காமல் சொல்லும் அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்தப் பெயர்கள்! எண்ணை வெளியே அனுப்புவதற்கான ஹெச்டிஓஎன்எல் ஃபங்ஷனில் கடைசி எல் என்பது லாங், சி மொழியில் ஒரு முழு எண் வகை. 1983இல் 4.2பிஎஸ்டியில் இவை வந்தபோது லாங் என்றால் 32 பிட், யாருக்கும் குழப்பம் இல்லை. இன்றைக்கு 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், ஃபங்ஷனோ இன்னும் 32 பிட்தான், பக்கத்திலும் ஹோஸ்ட்லாங் என்றே நிற்கிறது. 64 பிட் எண்ணுக்கு எண்டியன் என்ற வேறு பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கே பெயரிலேயே 16, 32, 64 என்று இருக்கும், ஒரு உதாரண ப்ரோக்ராமும் உண்டு. இங்கே ஒரு உதாரணம் கூட இல்லை.

அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றுக்கு. இந்த ஃபங்ஷன் என்ன செய்யும் என்று பக்கம் சொல்கிறது, எங்கே கூப்பிட வேண்டும் என்று சொல்வதில்லை. எண் வெளியே போகும் வாசலில் ஒரு தடவை, உள்ளே வரும் வாசலில் ஒரு தடவை, நடுவில் எங்கேயும் கூடாது. இரண்டு தடவை கூப்பிட்டால் பழைய எண்ணே திரும்பி வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே ரகப் போர்டாக இருந்து இரண்டு பேரும் மறந்திருந்தால், எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே தெரியும், வெளியிலிருந்து ஒரு தராசு வந்து சேரும் வரைக்கும். 0 எந்தப் பக்கம் திருப்பினாலும் 0. 25.7 கிலோ வைத்தாலும் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் 257இல் இரண்டு பைட்டும் 1. இந்த இரண்டு வாக்கியம் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால், மூட்டை இறக்கி வைத்த கையோடு அந்த அக்கா அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டியதில்லை.

அதனால் என் முடிவு: ஒன்பது வருடம் கைவிடாத பக்கம்தான், ஆனாலும் புதிதாகப் பழகுகிறவன் கையில் இதைக் கொடுக்க மாட்டேன். தம்பிக்கு நானே தமிழில் எழுதி ப்ரோக்ராமின் தலையில் போட்டிருக்கிறேன். "நூற்றுப் பதின்மூன்று என்று நாம் பெரியதை முதலில் சொல்கிறோம் அல்லவா, நெட்வொர்க்கும் அப்படித்தான். படித்த உடனே என்டிஓஹெச்எஸ், அப்புறம் தொடாதே. வெறும் தராசை நம்பாதே, 10 கிலோ படிக்கல்லை வை. 2560 வந்தால் இறங்கிப் போகாதே."