‘எல்லாம் செக் பண்ணியாச்சு அண்ணே’ என்றவரை நம்பி ஸ்டூடியோ படங்களைத் தொலைத்த கதை

நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் பயன்படுத்தும் ஸ்டோரேஜ் பெட்டி) போட்டுத் தருகிறேன், பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் நானே அதில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் யாரிடமாவது அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர் எதுவாக இருந்தாலும் சரி.

மாமா மதுரையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று பத்து வருடப் படங்கள் மூன்று யூஎஸ்பி டிஸ்க்கில் கிடந்தன. ஒன்று கீழே விழுந்து ஒரு நாள் முழுக்க எல்லோரும் பயந்துபோனதில்தான் ஒரு ஆளைப் பிடித்தார். ஆள் நன்றாகப் பேசுவார். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேர்), இரண்டு டிஸ்க்கில் மிரர், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும், டேட்டா கெட்டால் தானே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும் என்றார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. கூலி மட்டும் 14,500 ரூபாய். பில்லில் ஒரு வரி: ‘டேட்டா மாற்றம், முழுச் சரிபார்ப்புடன்’. இது 2024 ஜனவரியில்.

வேலை முடிந்த அன்றைக்கே, “எல்லாம் செக் பண்ணியாச்சு அண்ணே, பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி பேக்கப்புக்கு வச்சுக்கலாம்” என்று சொல்லி இரண்டு டிஸ்க்கை அங்கேயே அழித்துவிட்டார். மூன்றாவது வீட்டு பீரோவில் இருந்தது, சாவி அத்தையிடம், அத்தை ஊரில் இல்லை. அந்த ஒன்று தப்பித்தது இப்படித்தான்.

மூன்று வாரம் கழித்து மாமா போன் பண்ணினார். “மாப்ளே, பொண்ணுக்குக் கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லடா.”

போய்ப் பார்த்தேன். ஃபோல்டரில் சின்னப் படமாகப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கிறது. ரா கோப்புக்குள் (கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கேமராவே ஒரு சின்ன ஜேபெக்கைச் சேர்த்து வைத்திருக்கும், அதுதான் அங்கே தெரிகிறது. திறந்தால்தான் வண்டவாளம் வெளியே வருகிறது. முகம், நெற்றிச்சுட்டி, மாலையின் மேல் பாதி, அதற்குக் கீழே கறுப்பு. ஹெக்ஸ்டம்ப் (கோப்பின் பைட்டுகளை அப்படியே வரி வரியாகக் காட்டுவது) எடுத்துப் பார்த்தேன். முதலில் வழக்கம்போல எண்களும் எழுத்துகளுமாகக் குப்பை போல ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று ஒரு வரி முழுக்கச் சுழியம், அதன் கீழே ஒரே ஒரு நட்சத்திரக் குறி, அதற்கடுத்த வரியில் கோப்பின் கடைசி முகவரி. அந்த நட்சத்திரத்துக்கு ‘இதே வரிதான் கடைசி வரைக்கும்’ என்று அர்த்தம். கோப்பின் அளவு மட்டும் பழையதோடு ஒரு பைட் கூடக் குறையாமல் பொருந்துகிறது.

அந்த ஆளுக்குப் போன் போட்டால், “கேமரா கார்டுல ப்ராப்ளம் இருந்திருக்கும் சார்” என்கிறார். பீரோவில் இருந்த டிஸ்க்கில் அதே படம் முழுசாக இருக்கிறதே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “ஸ்க்ரப் ஓட்டிட்டேன் சார், ஜீரோ எரர், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பவா?” என்றார். அனுப்பவும் செய்தார்.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டும் உண்மைதான். ஸ்க்ரப் பார்ப்பது, எழுதும்போது போட்டு வைத்த செக்சமும் (டேட்டாவிலிருந்து கணக்கிட்ட, கைரேகை மாதிரி ஓர் எண்) இப்போது டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான். எழுதியதே சுழியம் என்றால் சுழியத்துக்குச் சரியான செக்சம் இருக்கும், மிரரின் இரண்டு பக்கமும் அதே சுழியம் பத்திரமாக இருக்கும். அப்படியானால் ‘முழுச் சரிபார்ப்பு’ என்று என்னதான் செய்தீர்கள் என்று நோண்டியதில், பழையதிலும் புதியதிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான். கோணியைப் பிரிக்காமல் எண்ணிப் பார்த்து அரிசி நன்றாக இருக்கிறது என்று சொன்ன மாதிரி.

இப்போது சுழியம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். இது அவர் எழுதிய பிழை இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய பிழை. லினக்ஸில் சிபி கட்டளையின் புதிய பதிப்புகள் ஒரு கோப்பை நகலெடுக்கும்போது ஃபைல் சிஸ்டத்திடம் ‘இதில் எங்கே டேட்டா, எங்கே வெறும் ஓட்டை’ என்று கேட்கும். ஓட்டை என்று பதில் வந்தால் அந்த இடத்தைப் படிக்காமலே தாண்டிப் போய்விடும், நகலில் அந்த இடம் சுழியமாகத் தெரியும். கோப்பு அப்போதுதான் எழுதப்பட்டு, மெமரியிலிருந்து டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் ஓர் இடைவெளியில், இசட்எஃப்எஸ் ‘இந்தக் கோப்பில் எழுத வேண்டியது எதுவும் பாக்கி இல்லை’ என்று தப்பாக நினைத்துக்கொண்டு, டேட்டா இருக்கும் இடத்தை ஓட்டை என்று சொல்லிவிடும். மூலக் கோப்பு நன்றாகவே இருக்கும், கெடுவது நகல் மட்டும். எந்த எரரும் வராது.

2023 அக்டோபரில் இந்த இசட்எஃப்எஸ்ஸின் ஓப்பன் சோர்ஸ் வடிவமான ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.2.0 வந்தது, நவம்பரில் ஜென்டூ லினக்ஸில் கோ மொழியின் கம்பைலரை இன்ஸ்டால் செய்த இடத்தில் கோப்புகள் சுழியமாகக் கிடந்ததிலிருந்துதான் விஷயம் வெடித்தது. புதிதாகச் சேர்த்திருந்த பிளாக் குளோனிங் (டேட்டாவைத் திரும்ப எழுதாமலே நகலெடுக்கும் வசதி) மேல்தான் முதலில் எல்லோருக்கும் சந்தேகம், 2.2.1 பதிப்பில் அதை அணைத்தே விட்டார்கள். பார்த்தால் பிழை அதற்கு எத்தனையோ வருடம் முன்னாலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தது. நவம்பர் 30ஆம் தேதி 2.2.2, 2.1.14 இரண்டிலும் சரிசெய்தார்கள். இசட்எஃப்எஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை, நான் இன்னும் அதில்தான் இருக்கிறேன். அதே வருடம் டிசம்பரில் லினக்ஸ் கெர்னல் 6.1.64 பதிப்பில் எக்ஸ்ட்4 என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்திலும் பிரச்சினை தெரிந்து டெபியன் லினக்ஸ் 12.3 வெளியீட்டையே நிறுத்திவிட்டு 12.4 விட்டார்கள்.

நம்மாள் ஜனவரியில் வந்து, பென் டிரைவில் வைத்திருந்த பழைய இன்ஸ்டாலரிலிருந்து 2.2.0 போட்டிருக்கிறார். ‘அப்டேட் வந்தா கெட்டுப்போகும்’ என்று அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார். அதற்கு மேல் அவருடைய ஸ்க்ரிப்ட்: யூஎஸ்பியிலிருந்து முதலில் ஒரு ஃபோல்டரில் இறக்கி, இறங்கிய கையோடு அங்கிருந்து வருட வாரியான இடத்துக்கு ஒரே நேரத்தில் எட்டு எட்டாக நகலெடுத்து, இறக்கியதை அழித்துவிடும். எழுதிய உடனே நகல், அதுவும் கூட்டமாக. அந்தப் பிழைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதே 2.2.0 போட்டு, குப்பை டேட்டாவில் ஆயிரம் கோப்புகள் எழுதி, எழுத எழுத நகலெடுத்து, மூலத்தையும் நகலையும் ஒப்பிடும் ஸ்க்ரிப்ட் ஒன்றை ஓடவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. டீ குடித்துவிட்டு வந்து ஒரே நேரத்தில் ஓடும் நகல்களின் எண்ணிக்கையைக் கூட்டினேன், இருபது நிமிடத்தில் முதல் கோப்பு மாட்டியது. 2.2.2 போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒன்றுகூட இல்லை. எனக்குச் சம்பளமே சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில்தான் வருகிறது, ஆனால் மாமா பில்லைக் காட்டியபோது ‘சரி, செக் பண்ணியிருக்காரே’ என்று தலையாட்டியவன் நான். அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பீரோ டிஸ்க்கில் சுமார் 61,000 கோப்புகள். இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ 256 செக்சம் எடுத்து ஒப்பிட்டதில் 19 பொருந்தவில்லை. அந்த 19ஐயும் திரும்ப எடுத்துவிட்டோம். மற்ற இரண்டு டிஸ்க்கில் இருந்தவற்றுக்கு ஒப்பிட மூலமே கிடையாது. எது கெட்டது என்றாவது தெரிய வேண்டுமே என்று, நீளமாகச் சுழியம் வரும் கோப்புகளைத் தேடினேன், ரா படத்திலும் வீடியோவிலும் அப்படி வருவது அபூர்வம். 34 அகப்பட்டன. சில வீட்டுக்காரர்களிடம் கொடுத்த பென் டிரைவ்களை வாங்கி வந்து கொஞ்சம் மீட்டோம். 11 போனது போனதுதான்.

இப்படி வேலை கொடுத்தால், பழைய டிஸ்க்கிலேயே எடுத்த செக்சம் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள். நகலெடுத்த பிறகு மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டு, அதே பட்டியலை வைத்துப் புதியதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டெராபைட் கணக்கில் இருந்தால் ஒரு நாள் ஆகும், ஆகட்டும். ‘அதெல்லாம் தேவையில்ல சார், ஆர்சிங்க் பாத்துக்கும்’ என்பார்கள். சும்மா ஓட்டினால் ஆர்சிங்க் என்ற அந்த நகலெடுக்கும் சாஃப்ட்வேரும் அளவையும் தேதியையும் மட்டும்தான் பார்க்கும். எந்தப் பதிப்பு போட்டீர்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய டிஸ்க்கை ஆறு மாதத்துக்கு யார் கையிலும் கொடுக்காதீர்கள், அத்தை பீரோ மாதிரி ஏதாவது ஓர் இடத்தில் பூட்டி வையுங்கள்.

பணம் திரும்பக் கேட்டதற்கு, “வருஷத்துக்கு 6,000 கட்டி ஏஎம்சி போட்டிருந்தா அப்டேட் பண்ணியிருப்பேன் சார்” என்று பதில் வந்தது. இப்போது போனே எடுப்பதில்லை.

அந்த 11இல் நான்கு ஒரே கல்யாணத்தின் தாலி கட்டும் நேரம். மாமா அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆல்பம் வாங்க வருகிறார்கள்.