துபாய்ப் பள்ளிக்கு டி.சி.: சென்னை அட்டெஸ்டேஷன் முகமை ஒன்றின் சேவை

திருச்சியில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்து வந்த எங்கள் பிள்ளைகள் இருவரையும் துபாயிலுள்ள ஓர் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கு மாற்றுவதற்காக, அவர்களுடைய மாற்றுச் சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் பெற்றுத் தரும் பொறுப்பைச் சென்னையில் இயங்கும் ஒரு தனியார் முகமையிடம் ஒப்படைத்தோம். வேலை பழுதின்றி முடிந்தது. ஆயினும் அவர்கள் வாங்கிய பணம் முழுவதும் நியாயமானதா என்று கேட்டால், டெல்லி தொடர்பான பகுதிக்கு ஆம் என்றும், மற்றவற்றுக்கு இல்லை என்றும்தான் சொல்வேன்.

துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் கே.எச்.டி.ஏ. ஆணையம், வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டாம் வகுப்பிலோ அதற்கு மேலோ சேரும் பிள்ளைகளிடம் மாற்றுச் சான்றிதழைக் கேட்கிறது. இந்தியாவிலிருந்து செல்லும் சான்றிதழில் பள்ளித் தலைமையாசிரியரின் கையொப்பம் மட்டும் இருந்தால் போதாது. மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம், மாநில அரசின் சான்றொப்பம், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், டெல்லியிலுள்ள அமீரகத் தூதரகத்தின் முத்திரை, இறுதியாக அமீரகம் சென்றபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம் என்று அந்த ஒற்றைத் தாள் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை அப்போஸ்டில் என்ற ஒற்றைச் சான்றோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005ஆம் ஆண்டிலிருந்து உறுப்பினராக இருந்தாலும் ஐக்கிய அரபு அமீரகம் அதில் சேராததால் இத்தனை படிகள். ஓமனும் சவூதி அரேபியாவும் அதில் சேர்ந்துவிட்டதால் அந்நாடுகளுக்கான ஆவணங்களில் அப்போஸ்டில் ஒட்டப்பட்டாலே தூதரகப் படி தேவையற்றதாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை முகமையின் முகப்பில் இருந்த பெண் ஊழியர் நாங்கள் கேட்காமலேயே விளக்கினார் என்பதை முதலில் பாராட்டாகவே பதிவு செய்கிறேன். எங்களுக்கு முன்னால் நின்றிருந்த மஸ்கட் குடும்பத்திடம், தூதரகக் கட்டணம் அவர்களுக்கு இல்லை என்று அவரே பட்டியலிலிருந்து அடித்துக் கொடுத்தார்.

அவருடைய இன்னொரு நல்ல வழக்கம், தாளை வாங்கி உறையில் போடுவதற்கு முன்பு வரிக்கு வரி படிப்பது. இந்தச் சேவையில் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நம் ஊர்ப் பள்ளிப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயர் தலைப்பெழுத்தோடு நிற்கும்; கடவுச்சீட்டிலோ அந்தத் தலைப்பெழுத்து தந்தையின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அமர்ந்திருக்கும். சென்னையில் யாருக்கும் உறுத்தாத இந்த வேறுபாடு, தமிழ்ப் பெயர் மரபை அறியாத ஒரு பள்ளியின் சேர்க்கை அலுவலருக்கு இரு வேறு பிள்ளைகளின் ஆவணங்களாகத் தோன்றக்கூடும். எங்கள் மகளின் சான்றிதழில் இருந்த தலைப்பெழுத்தைச் சுட்டிக்காட்டி, முத்திரைகள் விழுவதற்கு முன்பே பள்ளியில் திருத்தி வாங்கிவிடும்படி அந்த ஊழியர் திருப்பி அனுப்பினார். அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் நான்கு அலுவலகங்களின் முத்திரை ஏறிய பிறகு பெயரைத் திருத்துவதென்றால் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டு நகலையும் காட்டியதும் பள்ளி அலுவலகம், மாணவர் விவரங்களைப் பதியும் மாநில அரசின் எமிஸ் இணையதளத்தில் பெயரைச் சரிசெய்து புதிய சான்றிதழை அச்சிட்டுத் தந்தது.

அவர் பார்த்த மற்றொரு கட்டம், மாணவர் உயர் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா என்பது. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அவசரமாக டி.சி. வாங்குகிறவர்களுக்கு அங்கே ‘பயின்றுகொண்டிருக்கிறார்’ என்று மட்டும் எழுதப்பட்டுவிடும். அத்தகைய சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த வகுப்பில் இடம் கேட்பது கடினம். துபாயின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் கல்வியாண்டைத் தொடங்குவதால் இந்த அவசரம் எல்லாக் குடும்பங்களுக்கும் வருகிறது. இருந்தாலும் முடிவு வெளியாகும்வரை பொறுத்து, தேர்ச்சி விவரத்தோடு சான்றிதழ் வாங்குவதே மேல் என்றார். சான்றிதழை லேமினேஷன் செய்துவிடக் கூடாது என்பதையும் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பத்திரப்படுத்துவதாக நினைத்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் புதைக்கும் நம் பழக்கத்துக்கு அந்த அறிவிப்பு அவசியம்தான். முத்திரை குத்தத் தாள் வெளியே இருக்க வேண்டும் அல்லவா?

குறைகளுக்கு வருகிறேன். முகமை தந்த விலைப்பட்டியலில் எல்லாப் படிகளும் சேர்ந்து ஒரே தொகையாக இருந்தன. பிரித்துக் காட்டச் சொல்லி வற்புறுத்திய பிறகே, அரசுக் கட்டணம் எது, அவர்களுடைய கூலி எது என்பது தெரிந்தது. வெளியுறவு அமைச்சகம் சாதாரணச் சான்றொப்பத்துக்குக் கட்டணமே வாங்குவதில்லை. அப்போஸ்டிலுக்கும் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக ஆவணங்களைப் பெறாமல் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் வழியாகப் பெறுவதால் அவற்றின் சேவைக் கட்டணம் தனியே சேரும். அதுவும் பெருந்தொகை அன்று. ஆகவே பட்டியலில் பெரிதாகத் தெரியும் தொகையில் கணிசமான பங்கு முகமையின் அலைச்சலுக்கான விலையே. அது தவறன்று. டெல்லிக்கு நாமே போய் வருவதோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் அதை மறைத்து ‘அரசுக் கட்டணம் உட்பட’ என்று எழுதுவது நேர்மையான கணக்கு அன்று.

‘விரைவுச் சேவை’ என்ற பெயரில் கூடுதலாகக் கேட்ட தொகையை நாங்கள் கொடுக்கவில்லை. வெளியுறவு அமைச்சகம் சான்றிதழின் உள்ளடக்கத்தை ஆராய்வதில்லை; அதில் ஒப்பமிட்ட மாநில அதிகாரியின் கையொப்பம் தன்னிடமுள்ள மாதிரியோடு பொருந்துகிறதா என்று பார்த்தே முத்திரையிடுகிறது. தாமதம் நேரும் இடங்கள் மாநில அலுவலகமும் தூதரகமும். இரண்டின் வேகமும் முகமையின் கையில் இல்லாதபோது எந்த விரைவுக்குப் பணம் கொடுப்பது?

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் மேலொப்பத்தையும் தாங்களே வாங்கித் தருவதாகச் சொல்லி அதற்கும் ஒரு தொகை குறித்திருந்தார்கள். சொந்த மாவட்டத்தில் இருக்கும் பெற்றோர் அதை ஏற்க வேண்டியதில்லை. பள்ளியின் முகப்புக் கடிதமும் சான்றிதழும் கடவுச்சீட்டு நகலும் கொண்டுபோனால் நாமே முடித்துவிடக்கூடிய வேலை அது. பள்ளி எழுத்தருக்கு அந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது முகமையைவிட நன்றாகத் தெரியும். ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டவர்களுக்கும், ஊரில் அலைய ஆளில்லாதவர்களுக்கும் மட்டும் அந்தப் பகுதி பயன்படலாம்.

மூல ஆவணங்களைக் கையாண்ட விதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒவ்வொரு தாளின் இரு பக்கங்களையும் எங்கள் முன்னிலையில் ஸ்கேன் செய்து, எண்ணிட்ட ரசீது தந்தார்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் முத்திரையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பிள்ளைகளின் மூலக் கடவுச்சீட்டை அவர்கள் கேட்கவே இல்லை, நகலோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறப்புச் சான்றிதழையும் இதே கையோடு கொடுத்துவிடலாம் என்ற அவர்களுடைய யோசனை நல்லது. குடும்ப விசாவுக்கு அதிலும் சான்றொப்பம் தேவைப்படுகிறது, கூரியர் செலவும் ஒன்றாகிவிடுகிறது.

அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் கடைசி ஒப்பத்தையும் துபாயிலுள்ள தங்கள் கூட்டாளி வழியாகச் செய்து தருவதாக முகமை சொன்னது. அதற்கு அவர்கள் குறித்த தொகையைக் கொடுக்க வேண்டாம். அங்கே வசிப்புரிமை பெற்று யு.ஏ.இ. பாஸ் என்ற அரசு மின்னணு அடையாளக் கணக்கு வைத்திருக்கும் தந்தையோ தாயோ அமைச்சகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பித்து, ஆவணம் ஒன்றுக்கு 150 திர்ஹாம் கட்டினால், கூரியர் வீட்டுக்கே வந்து சான்றிதழை வாங்கிப்போய்த் திருப்பித் தருகிறது.