சந்தானாவின் கிட்டாருக்கு இசைத்தட்டா, கேசட்டா?

1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் மேடையேறிய கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவின் மீது மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெரியவர்கள் வைத்த பற்று பேரப்பிள்ளைகளையும் தொற்றிக்கொண்டதால், "எதை வாங்கலாம், அண்ணே?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது.

விலை: பழைய கேசட் மலிவாகக் கிடைக்கும். இசைத்தட்டுக்கு ஊசி, ஒலிபெருக்கி என்று செலவு தொடரும்.

ஒலி: சந்தானா ஒரே சுரத்தை நீட்டி நிறுத்தும் இடங்களில், தேய்ந்த நாடாவில் அந்தச் சுரம் தள்ளாடிவிடும், சீராகச் சுழலும் இசைத்தட்டிலோ கடைசி அதிர்வு வரை அசையாமல் நிற்கும். இதற்காகவே நான் இசைத்தட்டின் கட்சி.

உழைப்பு: நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் அதை அகற்றுவது பெரும்பாடு. இசைத்தட்டைத் துடைத்துவிடலாம், ஆனால் வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

1970இல் வெளிவந்த சந்தானாவின் 'அப்ராக்சாஸ்' பாடல் தொகுப்பை வீட்டில் அமர்ந்து முழுமையாகக் கேட்பவர் இசைத்தட்டை வாங்கலாம். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கேட்பவருக்குக் கேசட்டே போதும், வண்டியின் பழைய ரேடியோ நாடாவைத் தின்னாதிருந்தால்.